வெட்டுவேன் என்பவரும் விடமாட்டேன் என்பவரும்: பாத்திர ஆட்டம் நடத்தப் புறப்படும் பிள்ளைகளுக்கு

மார்கழி மாதம். பத்து நாளாக மழை. நந்திக்கடல் களப்பு தளும்பி நிற்கிறது. வற்றாப்பளைப் பக்கத்து வயல்களில் பயிர் தண்ணீருக்குள் கிடக்கிறது. வட்டுவாகல் முகத்துவாரத்தை மணல்திட்டு இன்னும் அடைத்தபடி இருக்கிறது. ஒருவர் சொல்கிறார்: “இண்டைக்கு இரவே பெக்கோவைக் கொண்டுபோய் வாயை வெட்டுறன்.” எதிரே இருப்பவர் சொல்கிறார்: “வெட்ட விடமாட்டன். இறால் முழுக்கக் கடலுக்குப் போயிடும்.” சொல்லிவிட்டு இரண்டு பேரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இது ஆட்டம். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலேயே கதையை நடத்திக்கொண்டு போகும் ஆட்டம். கரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974 இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ இந்த வகையில் முதலில் அச்சானது. ஒவ்வொருவரும் ஒரு ஆளுக்காகக் கதைப்பார். ஒருவர் மட்டும் மழைக்கும் றோட்டுக்கும் கடலுக்கும் மற்ற எல்லாவற்றுக்குமாகக் கதைப்பார். அவரைக் கேம் மாஸ்டர் என்பார்கள். நான் நடத்துநர் என்றே எழுதுகிறேன். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் எடுத்த பிள்ளைகளுக்கு இதில் பாதி முன்பே பழக்கம். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் காலத்திலிருந்து அரங்க விளையாட்டு எங்களுக்குப் புதியதல்ல.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. முல்லைத்தீவின் கோவலன் கூத்தில் கோவலனுக்கு மதுரையில் என்ன நடக்கும் என்பது பாயில் நித்திரை தூங்கி விழுகிற குழந்தைக்கும் தெரியும். அண்ணாவியார் பழக்குவது முடிவு தெரிந்த கதையை. இந்த மேசையில் முடிவை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே இரண்டு பேர் எதிரெதிராக இழுக்கும் கணம் வந்தே தீரும். புதிதாக நடத்துகிற பிள்ளைகள் அந்தக் கணத்தில் பதறிப்போய், யாரோ ஒருவரை அடக்கிவிடுகிறார்கள். பதறத் தேவையில்லை. அதைக் கையாளும் விதத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை எதுவும் நடந்துவிடவில்லை.

முதலில் வாய் திறந்தவரின் செயலை உடனே நடந்ததாக்கிவிடுவதுதான் தொடக்கக்காரரின் வழக்கமான பிழை. “பெக்கோ வந்திட்டுது, மண் வெட்டுப்படுது” என்று நீங்கள் சொல்லிவிட்டால், பிறகு தடுக்க வருபவர் முடிந்துபோன காரியத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அவரைத் தோற்கடித்தது மற்றவரின் நாக்கு வேகம். எங்கள் ஊர் மேசைகளில் அந்த வேகம் யாரிடம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெடியன்கள் முந்திக்கொள்வார்கள். ஒரு பெண்பிள்ளை யோசித்து வாயெடுப்பதற்குள் முகத்துவாரம் வெட்டி முடிந்திருக்கும். வாரத்துக்கு வாரம் இப்படி நடந்தால் அந்தப் பிள்ளை வராது. வராததற்குக் காரணமும் சொல்லாது.

அதனால் சுற்று வையுங்கள். “இந்த ஒரு மணித்தியாலத்துக்குள் உங்கட ஆள் என்ன செய்யப் பார்க்கிறார்?” என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கடைசி ஆள் சொல்லும்வரை எதையும் நடந்ததாக அறிவிக்காதீர்கள். மேசையில் சத்தம் கூடினால் ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எல்லாத் துண்டையும் ஒன்றாக விரியுங்கள்.

இது பழைய முறை. பிரஷ்ய இராணுவத்தில் றைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824 இல் ஒழுங்குபடுத்திய ‘கிறீக்ஸ்ஷ்பீல்’ போர்ப்பயிற்சி ஆட்டத்தில், இரு தரப்பும் தங்கள் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். ஒரு சுற்று என்பது இரண்டு நிமிட நேரம். தங்கள் ஆட்களின் கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டுமே ஒவ்வொரு தரப்பும் பார்க்கலாம். 1959 இல் அலன் கலமர் வெளியிட்ட ‘டிப்ளோமசி’ பலகை விளையாட்டிலும் எழுதிய கட்டளைகளை ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். சம பலமுள்ள இரண்டு படை ஒரே இடத்துக்கு நகர்ந்தால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். முந்திச் சொன்னவர் பிந்திச் சொன்னவர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. தாளும் பேனையும் போதும், நீங்களும் இதைச் செய்யலாம்.

2. என்ன செய்கிறார் என்று கேட்டபின், எதற்காக என்றும் கேளுங்கள்.

வெட்டுவேன் என்பவருக்கு வேண்டியது என்ன? வயலில் நிற்கிற தண்ணீர் வடிய வேண்டும். விடமாட்டேன் என்பவருக்கு? களப்புக்குள் நிற்கும் இறால் இன்னும் கொஞ்சம் வளர்ந்து தன் வலைக்கு வர வேண்டும். வாய் திறந்தால் நீரோட்டத்தோடு இறால் வெளியே போகும் என்பது அவரது பயம். அதே வாய் திறந்திருந்தால்தான் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியானால் அவருடைய சண்டை வெட்டுவதோடா, இன்றைக்கு இரவே வெட்டுவதோடா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டவுடன் மேசையில் கதை திரும்பும். நான்கு நாள் பொறுக்கலாமா? வலை போட்டு மறித்துக்கொண்டு சிறிதாக வெட்டலாமா? அழியும் பயிருக்கு யார் பொறுப்பு? கேள்விகளை ஆட்டக்காரர்களே எழுப்புவார்கள். முரண்பாடு போலத் தெரிந்தவற்றில் பாதி இந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சமரசத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். “அப்ப ரெண்டு பேரும் பாதி பாதியாச் செய்யுங்கோவன்” என்று நடத்துநர் சொன்னால் மேசை அடங்கிவிடும், ஆனால் அது உங்கள் முடிவு. கேள்வி மட்டும் உங்களுடையது. அவர்கள் கேட்டுவிட்டும் இணங்காமல் நின்றால், நிற்கட்டும். இணங்காதிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

3. படம் கீறுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள்.

மிச்சமிருக்கிற முரண்பாட்டில் ஒரு நல்ல பங்கை நிலமே தீர்த்துவைக்கும். பெரிய தாளில் எங்கள் இடத்தைக் கீறுங்கள். கிழக்கே கடல், மேற்கே நந்திக்கடல், நடுவில் ஒடுங்கின நிலம், அதன் நெடுகிலும் பரந்தன் முல்லைத்தீவு ஏ-35 வீதி, தெற்கே வட்டுவாகல் பாலம். பெக்கோ எங்கே நிற்கிறது? முல்லைத்தீவு நகரப் பக்கமா, புதுக்குடியிருப்புப் பக்கமா? பழைய பாலம் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் தாழ்ந்த பாலம். புதிய பாலத்துக்கான வேலையே 2025 செப்டெம்பரில்தான் தொடங்கியது. கதை நடக்கும் ஆண்டில் பாலத்தின் மேலால் வெள்ளம் ஓடுகிறதா? ஓடினால் பெக்கோ சாரதி என்ன சொல்வார்?

சைக்கிளில் போகிறவர் எத்தனை மணிக்கு முகத்துவாரம் போய்ச் சேருவார், நடந்து போகிறவர் எத்தனை மணிக்கு? இதைக் கணக்குப் பார்த்தாலே யார் முதலில் அங்கே நிற்பார் என்று தெரிந்துவிடும். பகடைக் கட்டை உருட்டத் தேவையில்லை. ஆட்டக்காரரும் முகம் சுளிக்கமாட்டார். ஏனென்றால் தோற்றது உங்கள் விருப்பத்தால் இல்லை என்று அவருக்கே விளங்கும்.

பிள்ளைகள் வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ள அரக்கன் குகையையும் மந்திரக் கோட்டையையும் விளையாடட்டும், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் முதன்முதல் நடத்துபவர் தன் காலால் நடந்த நிலத்தை மேசையில் விரிப்பதே நல்லது. தூரமும் தண்ணீரின் ஆழமும் கேட்டவுடன் வாயில் வரும்.

4. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதுவது உங்கள் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

1969 இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் ஒரு நெப்போலியன் காலப் போர் ஆட்டத்தை ஆயத்தம் செய்தார். பிறவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். படைத்தலைவர்களோடு, அந்த ஊரின் நகரத் தலைவர், வங்கிக்காரர், பல்கலைக்கழக அதிபர் என்று ஆளுக்கொரு பாத்திரத்தையும் கொடுத்தார். ஒழுங்காகச் சுற்றுச் சுற்றாக நடத்துவது அவரது திட்டம். ஆட்டக்காரர்கள் கேட்கவில்லை. மூலைக்கு மூலை போய் இரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றினார்கள். இரண்டு பேர் வந்து, தாங்கள் தனிச்சண்டைக்கு அறைகூவியிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு அவரிடம் விதி இருக்கவில்லை. அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கினார். எல்லாம் குழம்பிப்போயிற்று என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவரிடம், மற்றவர்கள் இன்னொரு முறை நடத்தச் சொல்லிக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் விளையாடியவர்தான் டேவ் ஆர்னசன். எதிரெதிர் ஆசைகள் முட்டிக்கொண்ட அந்த இரவிலிருந்துதான் இந்த ஆட்டவகை முளைத்தது.

ஆகவே “சண்டை பிடிக்காதேங்கோ” என்று சொல்லி மேசையை அடக்காதீர்கள். பாத்திரங்கள் சண்டை பிடிக்கட்டும். ஆட்களுக்குள் சண்டை வந்தால் அது வேறு. குரல் மாறும், பாத்திரத்தின் பெயர் போய் ஆளின் பெயர் வரும், போன மாதத்து வீட்டுப் பிரச்சினை எட்டிப்பார்க்கும். அப்போது ஆட்டத்தை நிறுத்திப் பிளேன்ரீ குடியுங்கள்.

5. ஒருவர் மற்றவரின் பாத்திரத்தின் மேல் கைவைத்தால், முடிவைச் சொல்ல வேண்டியவர் அடிபடுபவர்.

தள்ளினேன், பறித்தேன், கட்டிப்போட்டேன் என்று ஒருவர் சொன்னால் உடனே கட்டையை எடுக்காதீர்கள். மற்றவரிடம் திரும்பி, “இதை எப்பிடி எடுக்கிறீங்கள்?” என்று கேளுங்கள். அவர் விழுந்துவிட்டேன் என்று ஏற்கலாம், எதிர்க்கலாம், இந்தக் கதையில் இது வேண்டாம் என்றும் சொல்லலாம். மூன்றாவதைச் சொன்னால் அங்கேயே முற்றுப்புள்ளி, யாரும் வாதாடக்கூடாது.

6. கட்டை உருட்டுவதற்கு முன்னம், வென்றால் என்ன தோற்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள்.

கேட்டாயிற்று, படத்தைப் பார்த்தாயிற்று, இருவரும் ஒரே நேரத்தில் முகத்துவாரத்தில் நிற்கிறார்கள், இணங்கவும் மாட்டார்கள். இப்போது உருட்டலாம். இரண்டு முடிவில் எது வந்தாலும் உங்களுக்குக் கதை சொல்ல முடியுமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். ஒரு முடிவை உங்களால் தாங்க முடியாதென்றால் உருட்டவே கூடாது. உருட்டிவிட்டு, வந்த எண்ணைப் பிடிக்காமல் மழுப்புவதைப் போல மேசையின் நம்பிக்கையைக் கெடுப்பது வேறொன்றில்லை.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருவரும் ஆளுக்கொரு சாதாரண ஆறுமுகக் கட்டை உருட்டினால், 36 வழியில் 15 ஒருவருக்கு, 15 மற்றவருக்கு, 6 சமன். ஒருவருக்குச் சாதகம் இருக்கிறதென்று ஒன்றைக் கூட்டிக் கொடுத்தால் 21 அவருக்கு, 10 மற்றவருக்கு, 5 சமன். ஒன்று என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அவருடைய வாய்ப்பை மற்றவருடையதைப் போல் இரு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. இரண்டைக் கூட்டினால் 26 க்கு 6. அதற்கு மேல் கொடுத்தால் உருட்டுவது வெறும் சடங்கு. ஊர் முழுக்க ஒருவரின் பக்கம் நிற்கிறது, பெக்கோவும் அவருடையது என்றால் கட்டையை விடுங்கள், அவர் வெட்டட்டும்.

கடையில் கட்டை கிடைக்காவிட்டால் தாயம் விளையாடும் சோகி போதும், காசும் போதும். ஆனால் எண் விழும் விதம் மாறும். ஆறு காசைச் சுண்டினால் 64 வழியில் 20 வழி மூன்று தலையாகவே விழும். ஆறும் தலையாக விழுவது ஒரே ஒரு வழி. நடுவே குவியும். அசாதாரணமானது அபூர்வமாக வர வேண்டிய கதைக்கு இது நல்லது. பதற்றம் வேண்டிய இடத்துக்கு ஒற்றைக் கட்டை நல்லது.

சமன் விழுந்தால் திரும்ப உருட்டச் சொல்லாதீர்கள். சமன்தான் எனக்குப் பிடித்த எண். இரண்டு பேரும் பாதி வென்றதாக்குங்கள்: வாய் இடுப்பளவுக்கு வெட்டுப்பட்டது, பெக்கோ மணலில் புதைந்துவிட்டது, தண்ணீர் தானே அரித்துக்கொண்டு போகிறது, இனி அடைப்பதென்றாலும் அகலமாக்குவதென்றாலும் இருவரும் சேர வேண்டும். அடுத்த ஒரு மணித்தியாலத்துக்கு மேசை உங்களைத் தேடாது.

7. கட்டை வேண்டாத மேசைக்குக் காரணம் கேளுங்கள்.

பெரியவர்கள் சிலருக்கு உருட்டுவது சூதாட்டமாகத் தெரியும். கோயில் மண்டபத்திலும் பாடசாலையிலும் அதற்கு விடவும் மாட்டார்கள். 1980 களின் கடைசியில் கிறிஸ் எங்கிள் என்ற அமெரிக்கர் ‘மேற்றிக்ஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தார். இன்னது நடக்கிறது என்று சொல்லும் ஆட்டக்காரர், அது ஏன் நடக்கும் என்பதற்கு மூன்று காரணம் சொல்ல வேண்டும். எதிர்ப்பவரும் காரணம் சொல்வார். எவருடைய காரணம் வலுவானது என்பதை நடத்துநர் எடைபோடுவார். அந்த எடைக்கேற்பக் கட்டை உருட்டுவது எங்கிளின் வழி; நீங்கள் கட்டையை விட்டு, சபையிடமே கேட்டும் நடத்தலாம். வாதாடப் பழகுகிற உயர்தர மாணவருக்கு இது நல்ல பயிற்சி. ஒரு குறை உண்டு: வாய்வல்லமை உள்ளவர் வெல்வார். முதலாவது அறிவுரையில் நாக்கு வேகத்தைப் பற்றிச் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

8. தன் வேலையைத் தானே நடிக்க எவரையும் விடாதீர்கள்.

கமக்கார அமைப்பின் ஆளுக்குக் கடற்றொழிலாளியின் பாத்திரத்தைக் கொடுங்கள். களப்பில் இறால் பிடிப்பவருடைய மகளுக்குக் கமக்காரரின் பாத்திரம். கிராம அலுவலர் மேசைக்கு வந்தால் அவருக்குப் பெக்கோ சாரதி. தன் சொந்த வேலையையே நடிப்பவர் தோற்க முடியாது. தோற்றால் மேசைக்கு வெளியே அவமானம். பாத்திரம் மாறியவர் எதிர்த்தரப்பின் நியாயத்தைத் தன் வாயாலே சொல்லவேண்டி வரும். அப்படிச் சொல்லிப் பழகிய ஒருவர் மறுநாள் உண்மையான கூட்டத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கதைப்பதை நான் கண்டிருக்கிறேன். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

வயதுக்கும் இது பொருந்தும். மேசையில் மாமா ஒருவர் இருந்தால் அவர் சொன்னதை மறுக்க மருமகளுக்கு வாய் வராது. ஆகவே ஆட்டம் நடக்கும்வரை பாத்திரத்தின் பெயராலேயே எல்லோரும் அழைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை அரச அதிபராக நடித்தால், ஐம்பது வயது மாமாவும் “அம்மா, வணக்கம்” என்றுதான் தொடங்க வேண்டும். மற்றவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளையின் முதுகு நிமிரும்.

9. அனர்த்த ஒத்திகை மேசையில் மோதலை அமுக்காதீர்கள்; அதற்காகத்தான் அந்த மேசை.

2005 இன் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு மேசைப் பயிற்சி என்ற சொல் எங்கள் ஊர்களுக்கும் வந்துவிட்டது. இந்து சமுத்திர நாடுகள் சேர்ந்து நடத்தும் ‘ஐஓவேவ்’ சுனாமி ஒத்திகையில் இலங்கையும் சேர்கிறது. கிராமக் குழுவில் இளைஞர் யாராவது இதை நடத்த வேண்டிவரும். அது உங்களில் ஒருவராக இருக்கலாம். அப்போது தாளில் அம்புக்குறி போட்டு, சனம் எல்லாம் ஒரே திசையில் ஒழுங்காக ஓடுவதாகக் காட்டிவிட்டு எழும்பிவிடாதீர்கள்.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நேரப்படி காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. அலை எங்கள் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் முல்லைத்தீவுக் கரைக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. இன்று செய்தி வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு வீட்டுக்குள் தகப்பன் வள்ளத்தை இழுக்கக் கரைக்குப் போகிறேன் என்பார், தாய் பாடசாலைக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவருகிறேன் என்பார், மூத்த மகன் மோட்டார் சைக்கிளை எடு, புதுக்குடியிருப்புப் பக்கம் போவோம் என்பான். மூன்று செயல், ஒரே மோட்டார் சைக்கிள். நேரம் கரைவது இந்த வாக்குவாதத்தில்தான். இதை மேசையில் முழுக்க நடக்க விடுங்கள். வாதாடும் ஒவ்வொரு நிமிடத்தையும் கடிகாரத்தில் கழியுங்கள். “வாசலில் நின்று கதைத்தது ஆறு நிமிடம்” என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

குளத்துக்கும் இதே முறை. 2018 டிசெம்பரின் பெருமழையில் இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட, கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியது. தண்ணீரைச் சேமித்துவைக்க வேண்டும் என்பவர் ஒருவர், முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும் என்பவர் ஒருவர். இரண்டு பேரும் அக்கறையோடுதான் பேசுவார்கள். அந்த மேசையில் நீங்கள் நடுவராக இருப்பது எளிதான வேலையில்லை. மழையளவையும் நீர்மட்டத்தையும் சுற்றுக்குச் சுற்று அறிவித்துக்கொண்டு, தீர்மானத்தை அவர்களிடம் விடுங்கள்.

10. இந்த மண்ணில் நீங்கள் நடத்துகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

2009 இன் தொடக்க மாதங்களில், போரின் கடைசிக் கட்டத்தில், மாத்தளனிலிருந்து வட்டுவாகல் வரையான இந்த ஒடுங்கின கரைக்குள் சனம் நெருக்கப்பட்டு நின்றது. மே 18 வரை ஒவ்வொரு குடும்பமும் பங்கருக்குள் இருந்து வாதாடியது: போவோமா, நிற்போமா, நந்திக்கடலுக்குள்ளால் இறங்குவோமா, நாளைக்குப் பார்ப்போமா, அம்மாவை யார் தூக்குவது. அந்த வாக்குவாதங்கள் சில வீடுகளில் இன்னும் முடியவில்லை. யாருடைய சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்பது சிலருக்குச் சாகும்வரைக்குமான கேள்வி.

உங்கள் மேசையில் வெள்ளக் கதைதான் நடக்கிறது. ஒருவர் “போவம்” என்கிறார், ஒருவர் “நான் வரேல்லை, விட்டிட்டுப் போங்கோ” என்கிறார். உங்களுக்கு அது இரண்டு முரண்பட்ட செயல். பக்கத்தில் இருக்கும் ஐம்பது வயது அக்காவுக்கு அது வேறு. அப்போது கட்டையை எடுக்காதீர்கள். யாரை விட்டுவிட்டுப் போவது என்பதை எந்த எண்ணும் இந்த ஊரில் தீர்மானிக்கக்கூடாது. இது என் கண்டிப்பான சொல்.

ஜோன் ஸ்ரவ்ரோபௌலஸ் என்ற நியூயோர்க் நடத்துநர் ‘எக்ஸ் கார்ட்’ என்றொரு எளிய வழக்கத்தைக் கொண்டுவந்தார். மேசை நடுவில் பெருக்கல் அடையாளம் போட்ட ஒரு அட்டை கிடக்கும். எவரும் எப்போதும் அதைத் தொடலாம். தொட்டால் அந்தக் காட்சி அப்படியே விடப்படும்; ஏன் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் மேசையில் அட்டை கட்டாயம் இருக்கட்டும். ஆனால் எங்கள் சனம் அதைத் தொடக் கூச்சப்படும் என்பதையும் நினைவில் வைத்து, முகங்களைப் பாருங்கள். கை தேநீர்க் கோப்பையை இறுகப் பிடித்திருக்கிறதா, கண் தாளை விட்டு யன்னலுக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். அட்டையை நீங்களே தொடலாம். நடத்துநர் தொட்டால் யாருக்காகத் தொட்டார் என்று தெரியாது, அதுவே நல்லது.

அந்த மாதங்களையே ஆட்டமாக்கலாமா என்று கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து அப்படி நடத்தச் சொல்லிக் கேட்பவர்களும் வருவார்கள். என் பதில்: வேண்டாம். அதைச் சொல்ல வேறு வடிவங்கள் இருக்கின்றன, சொல்லும் உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். வென்றவர் தோற்றவர் என்று எண்ணிப் பார்க்கும் மேசைக்கு அதைக் கொண்டுவராதீர்கள்.

11. தீர்ப்புச் சொன்னால் காரணத்தையும் ஒரு வசனத்தில் சொல்லுங்கள், கொப்பியில் எழுதுங்கள்.

“பாலம் மூடியிருந்ததால் பெக்கோ பிந்தியது.” அவ்வளவு போதும். அடுத்த மாதம் வேறொருவருக்கு அதே நிலைமை வரும்போது கொப்பியைப் பார்த்து அதே தீர்ப்பைக் கொடுங்கள். உறவுக்காரப் பிள்ளைக்கு ஒன்று, அயலூர்ப் பிள்ளைக்கு ஒன்று என்று போனால் மேசை கலைந்துவிடும்.

12. தோற்றவரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

முகத்துவாரம் வெட்டுப்பட்டுவிட்டது. இறால்காரர் தோற்றார். சரி, அடுத்த காட்சி எங்கே தொடங்குகிறது என்பதை அவரே சொல்லட்டும். விடியற்காலை, வெட்டிய வாயில், வெறும் வலையோடு நிற்கிறேன் என்று அவர் தொடங்கினால் வென்றவர் அந்த இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். கதையும் நிற்காது, தோற்றவரும் ஒதுங்கமாட்டார்.

இனி நடைமுறை. நான்கு பேர் இருந்தால் தொடங்குங்கள். ஏழுக்கு மேல் சேர்க்காதீர்கள், சுற்று நீண்டு சலிப்பு வரும். இரண்டு மணித்தியாலம் போதும். இருட்டுமுன் பெண்பிள்ளைகள் வீடு சேரும்படி நேரத்தை வையுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினால் சரிவரும். சனசமூக நிலையம், வாசிகசாலை, மரநிழல், எதுவும் பரவாயில்லை. கமக்காரர் வீட்டிலிருந்து ஒருவர், கடற்றொழிலுக்குப் போகிறவர் வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நடத்துகிற வேலையை ஒரே ஆள் பிடித்து வைத்திருக்காமல் முறை மாற்றுங்கள். முதல் முறையைத் தங்கச்சிமாரில் ஒருவரிடம் கொடுங்கள். மழை தொடங்க முன்னம், புரட்டாதிக்குள் முதல் மேசையைப் போட்டுவிடுங்கள்.